தாழ்ப்பாள் இல்லாத வகுப்பு

ஏப்ரல் 6

மெர்லின், ஊரே அடங்கின பிறகு உன் போனில் சத்தம் எழுப்புகிறேன், மன்னித்துக்கொள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் இருந்தால் டீ குடிக்கும்போது படி. தூங்கிக்கொண்டிருந்தால் காலையில் திட்டு. பகலில் இந்த வீட்டில் எனக்கென்று கொஞ்ச நேரம்கூட வாய்ப்பதில்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டலை விட்டு நீ கிளம்பியபோது, ஆளுக்கொரு டைரி எதற்கு, இரண்டு பேரும் ஒரே ஃபைலில் எழுதுவோம், நீ எழுதுவதை நான் படிக்கிறேன், நான் எழுதுவதை நீ படி என்று ஆரம்பித்துவைத்தவள் நீ. நடுவில் விட்டுவிட்டவள் நான். இன்று எழுதியே ஆக வேண்டும். பத்மநாபன் சார் கூப்பிட்டார்.

கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதிப் பையிங் ஆபீஸ் மேனேஜர், ஞாபகம் இருக்கிறதா? கரூரிலேயே, அவர் இப்போது இருக்கும் கம்பெனியில் பெரிய வேலை ஒன்று காலியாகிறதாம்.

"எம்.பி.ஏ. முடிச்சிட்டியாம்மா?"

"கடைசி செமஸ்டர் சார்."

"ரெகுலரா, ஆன்லைனா?"

"ஆன்லைன் சார்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

"சரி, ஜூன்ல மார்க் ஷீட்டோட வா. ஆனா ஒரு பேப்பர்கூட நிக்கக் கூடாது. ரெகுலர்னா அரியர் இருந்தாலும் 'பையன் காலேஜ்ல பிஸியா இருந்திருப்பான்'னு மேல சொல்லிடலாம். ஆன்லைன்ல அரியர்னா சிரிப்பாங்க."

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தாமோதரன் தலையாட்டினார். அவர் தம்பி நவநீதன் லீவுக்கு வந்திருக்கிறான். சென்னையில் பெரிய காலேஜில் எம்.பி.ஏ. படிக்கிறான், அங்கேயே தங்கி.

"அண்ணி, ஒரு டவுட்டு. உங்க காலேஜ்ல கேன்டீன் எங்க இருக்கு? நம்ம அடுப்படியா?"

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ராகிங்கெல்லாம் உண்டுங்களா? அம்மா, நீதான் சீனியரா?"

"போடா, நான் பிரின்சிபால்டா" என்றார் அத்தை. இவரும் சிரித்தார். தோசை ஊற்றிக்கொண்டு நானும் சிரித்தேன். குட்டி மகி என் காலைக் கட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 9

நவநீதன் படிப்புக்காக மாயனூர்ப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றார்கள். என் படிப்புக்கு எதையும் விற்கத் தேவைப்படவில்லை. அதனாலேயே அதற்கு மரியாதையும் இல்லை.

இன்று மத்தியானம் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். "அண்ணி, இத ஒருக்காப் பாத்துக் குடுங்களேன். நீங்கதான் நல்லா எழுதுவீங்க." ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சரக்குத் தேக்கத்தைப் பற்றிய கட்டுரை. போன தடவை என் வீட்டுக்காரர் கம்பெனி மேசைவிரிப்புகளை வைத்து நான் எழுதிக் கொடுத்ததை அவன் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினாராம்.

"அப்ப உன்ற காலேஜ்ல என்னதான் பண்ற தம்பி?" என்றேன்.

"பாடத்த யாரு அண்ணி படிக்கறாங்க? நாலு பேரப் பழகத்தான் போறது. நாளைக்கு இவன் ஒரு பேங்க்ல இருப்பான், அவன் ஒரு கம்பெனில இருப்பான். போன் பண்ணா 'மச்சான்'னு எடுப்பான். உங்களுக்கு யாரு எடுப்பாங்க?"

என் வகுப்பில் இருப்பவர்கள் எனக்கு வெறும் பெயர்கள்தான். ஒருத்தி வீட்டிலிருந்து எப்போதும் குக்கர் விசில் கேட்கும். அவளை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டேன். என்னுடையது பாதியில் நிற்கிறது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை. கேட்டில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். தாமோதரன், பி.காம். நவநீதன், பி.இ., எம்.பி.ஏ. "அவன் இன்னும் முடிக்கலையேங்க" என்றேன். "முடிக்காம எங்க போயிரப் போறான்?" என்றார் இவர்.

ஏப்ரல் 27

தேர்வுத் தேதிகள் வந்துவிட்டன. மே மாதம் நான்கு பேப்பர். வீட்டிலிருந்தே எழுதலாம், லேப்டாப் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொடங்கும் முன் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். நாற்காலியைவிட்டு எழக் கூடாது. வேறு முகமோ குரலோ வந்தால் திரையில் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிக்கொள்ளும். அந்தப் பேப்பர் போச்சு.

எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை மெர்லின். போன வருஷம் மகி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு அலறினாள், ஆசாரியை வரவழைத்துத் திறந்தோம். அன்றே அத்தை எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றச் சொல்லிவிட்டார், தன் அறையைத் தவிர. அது சாமி இருக்கிற அறை.

"பரீட்சை அன்னைக்கு மட்டும் உங்க ரூம்ல உக்காந்துக்கட்டுங்களா அத்தை?"

"சாமி ரூம்ல கம்ப்யூட்டர வெச்சிக்கிட்டா? நல்லாருக்கும் போ அம்மணி."

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தென்னந்தோப்பு போனது பேராசிரியர்களுக்காக அல்ல, நாலு பேர் பழக்கத்துக்காகவும் அல்ல. ஒரு கதவுக்காக. நவநீதனின் ஹாஸ்டல் அறையை அவன் உள்ளே இருந்து பூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு படித்தாலும் படிக்காவிட்டாலும் யாரும் தட்ட மாட்டார்கள்.

மே 3

முதல் பேப்பர். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மகி வந்து கதவை உதைக்க ஆரம்பித்தாள். "அம்மா, அம்மா, அம்மா." முதல் எச்சரிக்கை. நாற்காலி சரிந்தது. ஓடி வந்து என் மடியில் ஏறி கேமராவைப் பார்த்து "ஹாய்" சொன்னாள். இரண்டாவது எச்சரிக்கை. பிள்ளையை இறக்கி, முதுகில் கைவைத்துத் தள்ளினேன். கொஞ்சம் பலமாகத்தான் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை வந்து வாரிக்கொண்டு போனார்.

"புள்ளய அழுவுட்டுட்டு அப்பிடி என்ன படிப்போ" என்றார் வாசலில் நின்று. நல்ல வேளை, அது திரையில் பதியவில்லை.

எழுதி முடித்தேன். சாயங்காலம் இவரிடம் சொல்லி அழுதேன். அத்தையிடம் போய் ஏதோ கேட்டிருக்கிறார். "ஏம்மா, ஒரு மூணு மணி நேரம் புள்ளயப் பாத்துக்க முடியாதா உனக்கு?" என்ற குரல் மட்டும் கேட்டது. அத்தை ராத்திரி சாப்பிடவில்லை.

மே 5

மகிக்குச் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது. தை மாதம் டாக்டர் கொடுத்த மருந்து பாதி பாட்டில் மிச்சம். அதைக் குடித்தால் தூங்குவாள் என்று அப்போதே சொன்னார். நாளைக்கு இரண்டாவது பேப்பர்.

மே 6

அமைதி! மெர்லின், அப்படியொரு அமைதியை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். மூன்று மணி நேரமும் எழுதினேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. முடித்துவிட்டு வந்து பார்த்தால் மகி கூடத்துப் பாயில் அப்படியே தூங்குகிறாள், வாயோரம் எச்சில் ஒழுக. முத்தம் கொடுத்தேன்.

"என்ன அம்மணி, இன்னைக்கு இந்தத் தூக்கம் தூங்கறா?" என்றார் அத்தை.

"சளி மருந்து குடுத்தனுங்க அத்தை."

"சளியா? மூக்கே ஒழுவுலியே."

"வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டா நல்லதுங்க."

"எந்த மருந்து, அந்தச் செவப்பு பாட்டலா?"

"ஆமாங்க. ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்குதுங்களே, அதான்."

மே 7

உன் குறிப்பைப் பார்த்தேன். 'சளி இல்லாத பிள்ளைக்குக் கொடுக்காதே வினோ, மூன்று வயசு, விளையாட்டில்லை' என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாததா. ஆனால் இருமுகிறாள். இன்று காலையில் ஒரு தடவை இருமினாள்.

மே 10

மூன்றாவது பேப்பர் நன்றாக எழுதினேன். ஆனால் கடைசியில் விழித்துவிட்டாள், அழுகைச் சத்தம் கேட்டு ஒரு எச்சரிக்கை. உடம்பு மருந்துக்குப் பழகிவிடுமா? இது பொதுவாகக் கேட்கிறேன்.

மே 12

நாளைக்குக் கடைசிப் பேப்பர். நிதி மேலாண்மை. எனக்கு வராத பாடம். இதில் நின்றால் எல்லாம் நின்றது. பத்மநாபன் சார் இன்று மறுபடி கூப்பிட்டார். இன்னொருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம், ரெகுலராம், திருச்சியில் படித்தவராம். "உனக்காகத்தாம்மா வெச்சிட்டிருக்கேன்" என்றார்.

மே 13

காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. இவர் சீக்கிரமே கம்பெனிக்குப் போய்விட்டார். மகிக்கு மருந்து கொடுத்தேன். போன தடவை சீக்கிரம் விழித்ததால் கொஞ்சம் தாராளமாக. மருந்து அளந்த மூடியைக் கழுவி வைத்தேன். நவநீதன் தண்ணீர் குடிக்க வந்தான், போனான்.

"நீ போயி நிம்மதியா எழுது அம்மணி. இன்னைக்கு ஒரு சத்தம் வராது. நான் பாத்துக்கறன்" என்றார் அத்தை. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 15

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே. மகி கண் திறந்துவிட்டாள். காலையில் "பூனை" என்று சொன்னாள். ஜன்னலில் பூனை எதுவும் இல்லை, ஆனாலும் சொன்னாளே, அது போதும்.

நடந்தது இதுதான். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை மகியைச் சாப்பிட எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்திருக்கிறார். உதடு ஒரு மாதிரி ஆகியிருந்ததாம். நவநீதன் வெளியே போயிருந்தான். அத்தை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்குக் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. தேர்வு எழுதும்போது காது அடைத்துப்போகும், அது உனக்கும் தெரியும். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. பிறகு இன்னொன்று. அப்போது கடைசிக் கேள்வியில் இருந்தேன், பதினாறு மார்க். எழுந்தால் மூன்றாவது. எழுந்திருக்கவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை மெர்லின், விதிமுறை. கூடத்தில் பாத்திரம் விழுந்தது. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அத்தை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடி, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

நான் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தபோது வீட்டில் யாருமில்லை. வாசல் திறந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"குழந்தைக்கு என்ன மருந்து குடுத்தீங்க? யாரு குடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார்.

"நாந்தானுங்க. அந்தச் செவப்பு மருந்து. பாவம், மருமவ படிக்குது, புள்ள போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஒரு ஸ்பூனு ஊட்டி உட்டனுங்க. அது குடுத்தாத் தூங்குவான்னு தெரியும்ங்க."

"ஒரு ஸ்பூனா? எத்தனை ஸ்பூன்? உண்மையச் சொல்லுங்க."

"எஞ்சாமி சத்தியமா ஒண்ணுதானுங்க."

"ஒண்ணுல இப்படி ஆகாதும்மா. பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

இவர் தன் அம்மாவை அங்கேயே, எல்லோர் முன்னாலும், "நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டார். அத்தையின் காலில் சேறு காய்ந்திருந்தது. ஒரு கால் விரலில் ரத்தம்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அதிர்ச்சியில் யாருக்குத்தான் வரும்?

மே 16

வராந்தாவில் நவநீதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் குடுக்கலீங்களே?"

"நான் பரீட்சை எழுதிட்டிருந்தேன் தம்பி. மூணு மணி நேரமும் வீடியோ இருக்கு. வேணும்னா கேட்டு வாங்கிப் பாத்துக்க."

"சேச்சே, எதுக்குங்க." கொஞ்ச நேரம் போனை நோண்டினான். "என்ற ஃபைனல் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணு இருக்குங்க. அத மட்டும் முழுசா முடிச்சுக் குடுத்துருங்க. காலைல நான் தண்ணி குடிக்க வந்தேன், போனேன். எதையும் பாக்கல."

ஏன் சம்பந்தமில்லாமல் அப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை. ரிப்போர்ட்டை ஆரம்பித்துவிட்டேன்.

மே 20

மகியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடுகிறாள். சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். கரண்டியைக் கண்டால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிறாள். நான் ஊட்டினால்தான் அப்படி. இவர் ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

மே 21

அத்தையைத் தாராபுரத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தார் இவர். கிளம்பும்போது அத்தை மகியைத் தொடவே இல்லை. தூரத்தில் நின்று பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதான் அம்மணி குடுத்தேன். அதெப்பிடி அப்பிடி ஆச்சு?" என்றார்.

"வயசாச்சுங்களே அத்தை, அளவு தெரிஞ்சிருக்காது" என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

மே 24

அத்தை அறைக்கு மேசையை மாற்றிக்கொண்டேன். தாழ்ப்பாள் நன்றாக விழுகிறது.

ஜூன் 9

தேறிவிட்டேன் மெர்லின்! நான்கு பேப்பரும். அந்தக் கடைசிப் பேப்பரை மட்டும் தனியாகப் பரிசீலித்தார்களாம். மெயிலில் வந்ததை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: 'தேர்வின்போது பின்னணியில் ஒருவர் உதவி கேட்டுத் தொடர்ந்து அழைக்கும் குரல் பதிவாகியுள்ளது. தேர்வர் அக்குரலுக்குச் செவிசாய்க்கவோ, இருக்கையைவிட்டு எழவோ, கவனம் சிதறவோ இல்லை என்பது காணொளியில் உறுதியானதால் தேர்வு செல்லும்.' கீழே வாழ்த்துகள்.

இவரிடம் மார்க்கை மட்டும் காட்டினேன். மெயிலை அழித்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

நவநீதனுக்கும் வேலை கிடைத்துவிட்டது. இன்டர்வியூவில் அந்த மேசைவிரிப்புக் கட்டுரையைப் பற்றித்தான் கேட்டார்களாம். அவன் சொன்ன பதில் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம்.

ஜூன் 16

வேலையில் சேர்ந்தேன். கண்ணாடி அறை, ஏ.சி., கதவு. பத்மநாபன் சார் எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினார்: "வினோதினி, எம்.பி.ஏ." ஆன்லைன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்து அறைப் பெண் மட்டும், "எந்த கேம்பஸ் மேடம்?" என்றாள். "கரூர்தான்" என்றேன்.

மகியைப் பார்த்துக்கொள்ளப் போன வாரம் வேலைக்கு வைத்த அம்மா அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறேன் என்கிறாள். பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, பகலிலும் தூங்குவதில்லை, தூங்கவைத்தாலே அலறுகிறாள் என்கிறாள்.

ஜூன் 22

வேறு வழியில்லாமல் தாராபுரத்துக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நடந்தது நடந்துபோச்சுங்க. நான் எதையும் மனசுல வெச்சுக்கல. நீங்க வந்துருங்க. மகிக்கு ஆளில்லீங்க."

"வேண்டாம் அம்மணி."

"நானே கூப்பிடறனே அத்தை."

"உனக்குப் பெரிய மனசு. வேற எவளா இருந்தாலும் என்னைய ஜெயில்ல போட்டிருப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஆனா என்ற கை சரியில்ல அம்மணி. இங்க என்ற மவ புள்ளைகளுக்குக்கூட நான் சோறு ஊட்டறதில்ல. தண்ணிகூட மொண்டு குடுக்கறதில்ல. வேண்டாம். நீ நல்லா இரு. நல்லாப் படிச்சியே, அது போதும்."

போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதே.

ஜூன் 25

மெர்லின், மே 15-ம் தேதிக்கு அப்புறம் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் நான் எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் படிக்கிறாய். ஃபைலின் மூலையில் உன் பெயர் வந்து நிற்பது தெரிகிறது. இப்போதுகூட நிற்கிறது.

மகி இன்னும் என் கையால் சாப்பிடுவதில்லை. இது எவ்வளவு நாளில் சரியாகும்? உன் வார்டில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். அது ஒன்றை மட்டும் சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

சீக்கிரம் பதில் எழுது.